பெயர் இழந்த குலம்



ஒருவன் தன் பெயரைச் சொன்னமைக்காகவே அவனைக் கொல்லலாம் என்று ஒரு நாட்டில் சட்டம் இருந்தது. சட்டமும் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் நிறைந்திருந்த ஸ்காட்லாந்துதான் அந்நாடு. அந்தப் பெயர் மாக்கிரெகர். 1603-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் அந்நாட்டு அரசவைக் குழு அப்பெயரை ஒழித்து ஆணை பிறப்பித்தது. இடையே 1661 முதல் 1693 வரை மட்டும் விலக்கு இருந்தது. மற்றபடி 1774-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து நீக்கும் வரையில் அத்தடை நீடித்தது. ஏறத்தாழ 170 ஆண்டுகள், ஐந்தாறு தலைமுறைகள்.

அக்குலத்தின் வழியினர் இன்று ஸ்காட்லாந்தில் மட்டுமின்றிக் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவியிருக்கின்றனர். தம் முன்னோர் யார், எந்த மலைச்சரிவில் வாழ்ந்தனர் என்று தேடுகின்றனர். இத்தகைய தேட்டத்தில் எவரும் முதலில் கையில் எடுக்கும் கருவி குடும்பப் பெயர்தான். அந்தப் பெயரே ஏட்டில் எழுதப்படக்கூடாது என்று இருந்த காலத்தில் வாழ்ந்தவனை எப்படிக் கண்டுபிடிப்பது? இதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் 'மாக்' என்ற முன்னொட்டைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மக்கள் பேசிய கேலிக் மொழியில் அதற்கு மகன் என்று பொருள். மாக்கிரெகர் என்றால் கிரெகரின் மகன். நம்மவர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் வைத்துக்கொள்வது போன்றதே இது. தொடக்கத்தில் இது தலைமுறைதோறும் மாறிய பெயர். டங்கனின் மகன் ஜான், ஜானின் மகன் பாட்ரிக் என்று போகும். பிறகு புகழ்பெற்ற மூதாதை ஒருவனுடைய பெயரில் அது நிலைத்துவிட்டது. 'கிளான்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் கேலிக் மொழியினதே. பிள்ளைகள் என்பது அதன் பொருள். நாம் அதைக் குலம் என்று சொல்லலாம். ஆனால் அக்குலத்தில் இருந்தவர் அனைவரும் ஒரே குருதியினர் அல்லர். தலைவனுடைய நிலத்தில் குடியிருந்தவன், அவனுடைய காவலை நாடி வந்தவன் ஆகியோரும் அவன் பெயரையே பூண்டனர். பெயர் ஒன்றாயிருப்பதனால் மட்டும் பாட்டனார் ஒருவராகிவிட மாட்டார். இதை மறந்தவர் எழுதிய வமிசாவளிகள் பல உண்டு. அவற்றில் பாதி கதை.

அரசன் ஒரு பெயரின்மேல் இத்துணைச் சினம் கொள்ளக் காரணம் என்ன? நிலம்தான். கிளெனார்க்கி, கிளென்ஸ்ட்ரே முதலிய பள்ளத்தாக்குகளில் மாக்கிரெகர்கள் நெடுங்காலமாக வாழ்ந்தனர். ஆனால் அரச முத்திரையிட்ட பத்திரங்களோ மெல்ல மெல்லக் காம்பெல் குலத்தாரின் கைக்குப் போயின. பட்டா ஒருவன் கையில், அனுபோகம் மற்றொருவன் கையில் என்றால் என்ன நேரும் என்பதை நம் நாட்டு உழவரிடம் விளக்க வேண்டுவதில்லை. நிலத்தை வாளால் காத்தவன் காலப்போக்கில் சட்டத்தின் கண்ணில் அத்துமீறியவன் ஆனான். பிறகு கள்வன் ஆனான். கொள்ளையும் கொலையும் அவர்கள் செய்யாமலில்லை. அவர்களைச் சுற்றியிருந்தவரும் அவற்றைச் செய்தனர்; பத்திரம் மட்டும் அவர்களிடம் இருந்தது.

1560-களில் கிளென்ஸ்ட்ரேயின் தலைவனாக வளர்ந்தவன் கிரெகர் ராய் என்ற இளைஞன். கிளெனார்க்கியின் கோலின் காம்பெல் அவனுடைய மரபுரிமையை ஒப்புக்கொள்ள மறுத்தான். பகை மூண்டது. 1570-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் டே ஏரிக்கரையில் உள்ள பாலாக் கோட்டையில் கிரெகர் ராயின் தலை துண்டிக்கப்பட்டது. அவன் மனைவி மேரியன் காம்பெல், பெயரே காட்டுவது போலப் பகைவரின் குலத்தில் பிறந்தவள். கணவன் மாண்டபின் மடியில் கிடந்த மகவுக்குத் தாலாட்டாகவும் மாண்டவனுக்கு ஒப்பாரியாகவும் அவள் பாடியதாக மரபு கூறும் 'கிரியகல் கிரீ' என்ற பாட்டு இன்றும் கேலிக் மொழியில் பாடப்படுகிறது. தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே பாட்டாக அமைவது அரிது. வரலாறு தேடுவோன் பாட்டைத் தள்ளிவிடக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். எழுத்தறியாத குடிகள் தம் நினைவைப் பாட்டில்தான் பத்திரப்படுத்தினர்.

அந்தப் பெண்ணின் மகன் அலாஸ்டர் வளர்ந்து குலத்தலைவனானான். 1603-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் கிளென் புரூயின் என்ற பள்ளத்தாக்கில் கொல்ஹூன் குலத்தாருடன் போர் நிகழ்ந்தது. மாக்கிரெகர்கள் வென்றனர், அவ்வெற்றியே அவர்களுக்கு நாசமாக முடிந்தது. அந்நேரத்தில் இங்கிலாந்தின் அரசி எலிசபெத்து இறக்க, ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இலண்டனுக்குப் புறப்பட ஆயத்தமானார். ஏப்ரல் 5-ஆம் நாள் அவர் எடின்பரோவை விட்டுச் சென்றார். அதற்கு இரண்டு நாள் முன்னர்தான் அந்தப் பெயர் ஒழிப்பு ஆணை பிறந்தது. புதிய அரசுக்குப் போகுமுன் பழைய வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போக நினைத்தார் போலும்!

அலாஸ்டரின் முடிவு கேட்கத்தக்கது. அவனை ஸ்காட்லாந்தின் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடுவதாக ஆர்கைல் கோமகன் வாக்களித்தான். அதை நம்பி அவன் சரணடைந்தான். கோமகனுடைய ஆட்கள் அவனை எல்லைக்கு அப்பால் இங்கிலாந்து மண்ணில் கொண்டு நிறுத்தினர். வாக்கு நிறைவேறிவிட்டது. உடனே திருப்பி எடின்பரோவுக்கு அழைத்து வந்தனர். 1604-ஆம் ஆண்டு ஜனவரியில் அவனும் அவன் உறவினர் சிலரும் தூக்கிலிடப்பட்டனர். அவன் தலைவனாதலின் மற்றவரைவிட ஓராள் உயரம் மேலே தொங்கவிட்டனர் என்று அக்கால நாட்குறிப்பு ஒன்று கூறுகிறது.

பின் வந்த ஆணைகள் இன்னும் நுணுக்கமானவை. அக்குலத்தினர் இறைச்சி நறுக்கும் முனையற்ற கத்தி தவிர வேறு ஆயுதம் வைத்திருக்கலாகாது. நால்வருக்கு மேல் ஓரிடத்தில் கூடலாகாது. குழந்தைகளை வேறு நிலக்கிழார்களின் காவலில் ஒப்படைத்தனர். 1633-ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபடி மேலே சென்றது. எந்தப் போதகரும் ஆண் குழந்தைக்குக் கிரெகர் என்று ஞானஸ்நானப் பெயர் இடக்கூடாது. எந்த எழுத்தனும் அப்பெயரில் பத்திரம் எழுதக்கூடாது. எழுதினால் பதவி போகும். கவனியுங்கள். பிறப்புக்குச் சான்று போதகர் கையில். சொத்துக்குச் சான்று எழுத்தன் கையில். குடும்ப வரலாறு தேடுவோன் நம்பியிருக்கும் இரண்டு வாயில்களையும் அச்சட்டம் ஒரே நாளில் சாத்திவிட்டது.

ஆயினும் மக்கள் இருந்தார்கள். காம்பெல், மர்ரே, டிரமண்ட், கிரகாம், ஸ்டூவர்ட், கிரான்ட் என்று வெவ்வேறு பெயர்களில் வாழ்ந்தார்கள். அவரவர் எந்த நிலக்கிழாரின் நிழலில் ஒதுங்கினாரோ அந்தக் கிழாரின் பெயரைப் பூண்டனர். சிலர் தாயின் பெயரை எடுத்துக்கொண்டனர்.

ராப் ராய் என்பவனை நேயர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். சர் வால்டர் ஸ்காட் எழுதிய நாவலால் உலகப் புகழ் பெற்றவன். 1671-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள், தடைக்கு விலக்கு இருந்த காலத்தில், புக்கானன் திருச்சபைப் பதிவேட்டில் அவனுடைய ஞானஸ்நானம் பதிவாயிற்று. தந்தை டானல்ட் மாக்கிரெகர், தாய் மார்கரெட் காம்பெல். 1693-இல் தடை மீண்டும் வந்தது. அவன் தாயின் பெயரை ஏற்று ராபர்ட் காம்பெல் ஆனான், அப்பெயரிலேயே கையெழுத்திட்டான். 1712-இல் கடன்காரருக்குத் தப்பி ஓடியபோது எடின்பரோப் பத்திரிகையில் வெளிவந்த விளம்பரம், ராப் ராய் மாக்கிரெகர் என்று பொதுவாக அறியப்படும் ராபர்ட் காம்பெல் என்ற பொருள்பட அவனைக் குறிக்கிறது. ஊருக்கு ஒரு பெயர், ஏட்டுக்கு ஒரு பெயர்! அவன் மகன் ஜேம்ஸோ வழக்குமன்ற ஏடுகளில் டிரமண்ட் என்ற மறுபெயருடன் காணப்படுகிறான். தந்தை காம்பெல், மகன் டிரமண்ட், இருவரும் மாக்கிரெகர். இது புகழ்பெற்ற குடும்பமாதலின் நமக்குத் தெரிகிறது. பெயர் தெரியாத ஓர் ஆட்டிடையனின் குடும்பத்தில் இதுவே நிகழ்ந்திருந்தால் யார் அறிவார்?

அறிய வழி உண்டு. அவ்வழி பின்னிருந்து முன்னோக்கிச் செல்வது. குலத்தின் ஆதி மூதாதையிலிருந்து தொடங்கித் தன்வரையில் இறங்கிவர முயல்பவன் பெரும்பாலும் தான் விரும்பிய இடத்துக்கே வந்து சேர்வான். அதனால் பயன் இல்லை. தன் பாட்டனில் தொடங்கி ஒவ்வொரு படியாக மேலேற வேண்டும்.

ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றை அரசே கட்டாயமாகப் பதியத் தொடங்கியது 1855-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள். முதலாண்டு அதிகாரிகள் பேராசை கொண்டுவிட்டனர். குழந்தை பிறந்தால் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், மணம் நடந்த நாள், மூத்த குழந்தைகள் எத்தனை என்று அத்தனையும் கேட்டனர். எழுதி மாளவில்லை, மறு ஆண்டே பத்திகளைக் குறைத்துவிட்டனர். ஆகவே ஆராய்ச்சியாளர் குடும்பத்தில் யாரேனும் 1855-இல் பிறந்தாரா, இறந்தாரா என்றுதான் முதலில் தேடுகிறார். அந்த ஓராண்டுச் சீட்டு ஒன்று கிடைத்தால் புதையல் கிடைத்தாற்போல. இறந்தவருக்கு எண்பது வயதென்றால், அச்சீட்டில் உள்ள அவருடைய பெற்றோரின் பெயர்கள் தடை இருந்த காலத்திற்கே நம்மைக் கொண்டுபோய்விடும்.

1841 முதல் பத்தாண்டுக்கொருமுறை எடுத்த குடிக்கணக்கில் ஒவ்வொரு வீட்டாரின் பெயரும் உண்டு. நூறாண்டு கழிந்தபின் அவை பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. அதற்கு முற்பட்ட காலத்துக்குத் திருச்சபைப் பதிவேடுகள்தான் துணை. அவற்றுள் மிகப் பழையது 1553-இல் தொடங்குகிறது. மலைநாட்டுச் சபைகளிலோ பல பதிவேடுகள் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் தொடங்குகின்றன. அதிலும் இடைவெளிகள் மிகுதி. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி விதித்தமையால் ஏழைகள் பலர் பதியாமலே விட்டனர். இவ்வேடுகளெல்லாம் எடின்பரோவில், 1774-இல் அடிக்கல் நாட்டி ராபர்ட் ஆடம் என்ற சிற்பி வடிவமைத்த பதிவு மாளிகையைச் சார்ந்த காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன. இன்று அவற்றின் படிவங்களை வீட்டிலிருந்தபடியே கணிப்பொறித் திரையில் காணலாம்.

பதிவேடு கிடைத்தபின்னும் மர்ரே என்ற பெயருக்குப் பின்னால் மாக்கிரெகர் ஒளிந்திருக்கிறானா என்று எப்படித் தெரியும்? இங்கே பெண்கள் துணைக்கு வருகின்றனர். ஸ்காட்லாந்தில் மணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் ஏடுகளில் மறைவதில்லை. பதிவேட்டிலும் பத்திரத்திலும் கல்லறைக் கல்லிலுங்கூட அவள் தந்தையின் பெயரே நிற்கும். கணவனுடைய பெயர் மாறினாலும் மனைவியின் பெயர் மாறாதிருக்கும்போது, இரண்டு ஏடுகளில் வரும் இரண்டு பெயருள்ள ஆடவன் ஒருவனே என்று காட்டிக்கொடுப்பவள் அவளே. மற்றொரு துணை, குழந்தைகளுக்குப் பெயரிடும் வழக்கம். தலைமகனுக்குத் தந்தையைப் பெற்ற பாட்டன் பெயர், இரண்டாமவனுக்குத் தாயைப் பெற்ற பாட்டன் பெயர் என்று இடுவது அங்கே பரவலான மரபு. நமக்கும் இது புதிதன்று. ஆகவே பிள்ளைகளின் பெயர் வரிசையிலிருந்து பாட்டனை ஊகிக்கலாம். ஊகம்தான், சான்று ஆகாது. எல்லாவற்றினும் பெரிய துணை இடம். பெயர் மாறினாலும் அதே பள்ளத்தாக்கு, அதே பண்ணை, அதே அண்டைவீட்டார். கிளெனார்க்கிக் காம்பெல்களின் குத்தகைக் கணக்குகள் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏராளமாக உள்ளன. மாக்கிரெகர்களைத் துரத்தியவர்களின் கணக்குப் புத்தகத்தில்தான் மாக்கிரெகர்களைத் தேட வேண்டியிருக்கிறது!

இதனினும் வியப்பானது அரசவைக் குழுவின் பதிவேடு. பெயரை ஒழிக்க வேண்டுமாயின் யார் யார் அப்பெயரை விட்டனர், இப்போது என்ன பெயர் பூண்டனர், அவர்களுக்குப் பிணை நின்றவர் யார், அவர்களுக்கு இடங்கொடுத்து அபராதம் கட்டியவர் யார் என்று எழுதிவைக்க வேண்டுமன்றோ? எழுதிவைத்தார்கள். முன்பு இன்னார், இப்போது இன்னார் என்று பட்டியலிட்டார்கள். அக்காலத்து மலைநாட்டு ஏழைக் குடிகளில் பெரும்பாலோரைப் பற்றி ஒரு வரிகூட எஞ்சவில்லை. அடக்குமுறைக்கு ஆளான இக்குலத்தின் சாமானியர் பலரோ தந்தை பெயரோடு ஏட்டில் நிற்கின்றனர். பெயரை அழிக்கப் பிடித்த எழுதுகோலே அதைக் காத்துத் தந்துவிட்டது. தடைக்கு முந்திய காலத்துக்கும் ஒரு பெட்டகம் உண்டு. பார்ட்டிங்கால் என்ற ஊரில் லிஸ்மோர் குருமுதல்வர் ஜேம்ஸ் மாக்கிரெகர் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கேலிக் கவிதைகளைத் தொகுத்தார். அச்சுவடியில் அக்குலத் தலைவர்களைப் பற்றிய பாடல்களும் உள்ளன. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் அதை இன்றும் காக்கின்றனர்.

இடையே ஓர் எச்சரிக்கை. எடின்பரோக் கடைத்தெருவில் உங்கள் பெயரைச் சொன்னால் உங்கள் குலத்துக் கட்டம்போட்ட துணி, உங்கள் குடும்பச் சின்னம் என்று ஏதேனும் ஒன்றை எடுத்துத் தருவார்கள். ஸ்காட்லாந்துச் சட்டப்படி கேடயச் சின்னம் குடும்பப் பெயருக்கு உரியதன்று. தனி ஒருவருக்கும் அவர் வாரிசுக்கும் உரியது. 1672 முதல் அதற்கென்று பதிவேடே இருக்கிறது. துணிகளோ பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு நெசவாலைகள் வகுத்தவை. 1842-இல் சகோதரர் இருவர் பழஞ்சுவடி என்று சொல்லி வெளியிட்ட துணிவகை நூல் போலி என்பது பின்னர் தெளிவாயிற்று. துணி அழகாயிருந்தால் வாங்கலாம். வமிசத்துக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

தடை நீங்கியபின் எல்லாரும் பழைய பெயருக்குத் திரும்பினரா என்றால் இல்லை. நூற்றெழுபது ஆண்டு என்பது சிறு காலமன்று. மர்ரேயாகப் பிறந்து மர்ரேயாக வளர்ந்தவனுக்கு அதுவே பெயர். குலத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் பெயரும் ஜான் மர்ரேதான். அவருக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் பதவி வகித்தவர் அவர். அவரே தம் தலைவர் என்று குலத்தார் 826 பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தனர். அவருடைய குடும்பம் மாக்கிரெகர் என்ற பெயரை அரச இசைவுடன் மீண்டும் பூண்டது 1822-இல். அவ்வாண்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, ஸ்காட்லாந்தின் முடியையும் வாளையும் செங்கோலையும் கோட்டையிலிருந்து அரண்மனைக்குக் காவலாக எடுத்துச் சென்றவர் அவர் மகன் ஈவானும் அக்குலத்தாரும். இரண்டு நூற்றாண்டுக்கு முன் இந்த முடியின் பெயரால்தான் அவர்கள் பெயர் பறிக்கப்பட்டது. கிரெகர் குலச் சங்கம் தோன்றியதும் அதே 1822-இல்.

இனிக் குருதிச் சோதனை. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் மரபணுக்கூறு ஒன்று உண்டு. அதை ஒப்பிட்டு இருவர் ஒரே ஆண்வழியில் வந்தவரா என்று இன்று சொல்லிவிடலாம். மாக்கிரெகர் என்ற பெயருடைய பலர் தலைவன் வழியினர் அல்லர் என்று தெரியவருகிறது. வேறு பெயருடைய சிலர் அவ்வழியினர் என்றும் தெரியவருகிறது. முதலில் சொன்னது நினைவிருக்கும்: தலைவனின் நிழலில் ஒதுங்கியவரும் குலத்தவரே. ஆதலின் இதில் வியப்பில்லை. ஆனால் நெஞ்சில் தைக்கும் செய்தியாக இது வந்து சேரும் வீடுகள் உண்டு.

1909-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிரெகர் குலச் சங்கம் ஒன்று அமைந்தது. அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானோர் மக்ரூடர் என்ற பெயரினர். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் மேரிலாந்துக்கு வந்து சேர்ந்த அலெக்சாந்தர் மக்ரூடரின் வழியினர் அவர்கள். மக்ரூடர் என்பது மாக்கிரெகர் பூண்ட மாற்றுப் பெயர்களில் ஒன்று என்று உறுதியாக நம்பினர். ஆண்டுதோறும் கூடினர், கட்டுரைகள் படித்தனர், அச்சிட்டனர். பின்னர் பெர்த்துச் சீமையின் பழைய பத்திரங்களை ஆராய்ந்தபோது வேறொன்று புலப்பட்டது. மக்ரூடர் என்ற பெயரில் ஒரு தனிக் குடும்பம் டிரமண்ட் பிரபுக்களைச் சார்ந்து அங்கே வாழ்ந்திருந்தது. அலெக்சாந்தர் அக்குடும்பத்தவர். அவர் பெயரை மறைத்து வாழ்ந்தவரல்லர். அதுவே அவருடைய பெயர்.

சங்கம் கலைந்துவிடவில்லை. அதே பெயருடன் இன்றும் இருந்து வருகிறது.